பஞ்சு பறக்கும் வீட்டில் ஒரு கேமிங் லேப்டாப்

பல்லடத்தில் லேப்டாப் பழுது பார்க்கிற அண்ணன் அடித்தட்டைக் கழற்றி, ஃபேனை மெல்லத் தூக்கி, அதன் பின்னாலிருந்து எதையோ உருவி என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் நீளம். சாம்பல் நிறம். தொட்டால் கம்பளித்துணி மாதிரி இருந்தது.

"இது என்னங்ணா?"

"உங்கூட்டுத் தறிப் பஞ்சுதானுங்க்கா. ரெண்டு வருசமா உள்ள போய்ப் படிஞ்சு படிஞ்சு துணியாவே ஆயிருச்சு."

எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டித்தான் தறி குடோன். எட்டுத் தறி, கூலி நெசவு. முன்னறையில் என் மேசை. சுற்றுவட்டாரத் தறிக்காரர்கள், இரண்டு மளிகைக் கடை, ஒரு தேங்காய்க் களம், இவர்களுக்கு டேலியில் கணக்கு எழுதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவது பகல் சோலி. ராத்திரி தறி நின்ற பிறகு ஒன்றரை, இரண்டு மணி நேரம் விளையாடுவேன். இரண்டுக்கும் ஒரே லேப்டாப். 2021 கடைசியில் வாங்கியது.

வாங்கும்போது நான் பார்த்தது இரண்டே இரண்டு: ஆட்டத்தின் படத்தை வரைகிற கிராபிக்ஸ் சிப்புக்கு ஆர்டிஎக்ஸ் 3050 என்கிற பேர், விலை. அப்பாவிடம் கணக்கு வேலைக்கு என்று மட்டும் சொல்லியிருந்தேன். விளையாடவும்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் கடையிலும் யாரிடமும் மனம் விட்டுக் கேட்க முடியவில்லை. மெலிசாக, பார்க்க நன்றாக இருந்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆரம்பத்திலிருந்தே அதில் ஒரு குறை இருந்தது. ஆட்டம் தொடங்கி இருபது நிமிடம் நன்றாக ஓடும், அப்புறம் திணறும். பகலில் டேலியும் எக்செலும் ஜிஎஸ்டி தளமும் ஒட்டுக்காத் திறந்திருந்தால் எலியை நகர்த்தினால் அம்பு பின்னாடி வரும். பொழுதோட கண் எரியும். பஞ்சு சேர்ந்த பிறகு இதெல்லாம் பொறுக்க முடியாத அளவுக்குப் போய்விட்டது. பழுது பார்த்த அண்ணன் பஞ்சை எடுத்து, சிப்பின் மேல் சூட்டைக் கடத்துகிற புது பேஸ்ட் தடவிக் கொடுத்ததும் பாதிக் குறை தீர்ந்தது. மீதிப் பாதி தீரவே இல்லை. அது ஏன் என்று தெரிந்துகொள்ள நான் செலவழித்த மாதங்கள்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பேர் விஷயம். ஆர்டிஎக்ஸ் 3050 லேப்டாப் சிப்பை 35 வாட்டிலிருந்து 80 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று, அந்தச் சிப்பின் கம்பெனியான என்விடியா லேப்டாப் கம்பெனிகளிடம் விட்டிருக்கிறது. அடுத்து வந்த 4050, 4060 இரண்டுக்கும் இது 35 முதல் 115 வாட் வரை. ஸ்டிக்கரில் ஒரே பேர். உள்ளே போகிற மின்சாரம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வித்தியாசம். முன்பு குறைந்த வாட்டில் ஓடுகிற சிப்பின் பேரோடு 'மேக்ஸ்-க்யூ' என்று ஓர் ஒட்டு இருக்கும். 2021-ல் 30 வரிசை லேப்டாப்புகளுக்கு வந்தபோது அந்த ஒட்டும் பேரிலிருந்து போய்விட்டது. என்னுடையது மெலிசான உடம்பு. சூட்டை வெளியேற்ற இடமில்லாததால் வாட்டைக் குறைத்து வைத்திருந்தார்கள். பேருக்கு 3050, ஓடியது அதன் பாதித் தெம்பில்.

இதை அப்பாவிடம் சொன்னபோது, "ஏங்கண்ணு, ஒரே பேர்ல எப்படி ரெண்டு தினுசா இருக்கும்?" என்று கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் அவரே சொன்னார். "அட, நம்ம கெணத்து மோட்டார்தான அது! பட்டையில அஞ்சு எச்பின்னுதான் போட்டிருக்குது. லைன்ல நானூத்தி நாப்பது வந்தா ஒரு தண்ணி, முன்னூத்தி இருவது வந்தா ஒரு தண்ணி."

இதைவிட நன்றாக எந்த யூடியூப் விமர்சகரும் எனக்குச் சொல்லவில்லை. 60 வாட் 4060-ஐ வாங்குவதைவிட, 100 வாட்டுக்கு மேல் போகிற 4050-ஐக் குறைந்த விலையில் வாங்கலாம். ஆட்டத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டுதான் ஓடும். 4060-க்கு 8 ஜிபி வீடியோ நினைவகம், 4050-க்கு 6 என்கிற வித்தியாசம் மட்டும் நிற்கும். பெரிய படவேலை கொண்ட புது ஆட்டங்களுக்கு அது முக்கியம்தான். 3050-ன் 4 ஜிபியை இன்றைக்கு யாருக்கும் சொல்ல மாட்டேன். மேசைக் கணினிச் சிப்பின் பேரைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். மேசைக் கணினியின் 4070-ல் வேலை செய்யும் கருக்கள் (கோர்) 5,888, நினைவகம் 12 ஜிபி. லேப்டாப் 4070-ல் 4,608 கருக்கள், 8 ஜிபி. பேர் மட்டும் ஒன்று.

வாட் எவ்வளவு என்பது கடை அட்டையில் இருக்காது. கம்பெனி இணையதளத்தில் அந்த மாடலின் முழு விவரப் பக்கத்தில் டிஜிபி, அதாவது கிராபிக்ஸ் சிப்புக்கான மொத்த வாட், என்று இருக்கும். கடையில் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப் என்றால் என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்தால் அதிகபட்ச கிராபிக்ஸ் பவர் எண்ணாகவே வரும். இரண்டுக்கும் வழியில்லையென்றால் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 230 வாட் செங்கல் கொடுத்திருக்கிறவன் உள்ளே கொஞ்சம் தாராளமாகத்தான் விட்டிருப்பான். 120 வாட் கொடுத்தவனால் விட முடியாது.

போன வருடம், 2025 ஆடியில், பவானியிலிருந்து சித்தி கூப்பிட்டது. சித்தி பையனுக்குக் கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் கிடைத்திருந்தது. ஹாஸ்டல். சீட்டு எடுத்த பணத்தில் 85,000 ரூபாய் லேப்டாப்புக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள்.

"கண்ணு, இவன் வெளையாடற லேப்டாப்புத்தான் வேணும்ங்கறான். படிக்கப் போறானா வெளையாடப் போறானா? நீயே கேளு சாமி. எனக்கு வெசனமா இருக்குது."

"ரெண்டும் பண்ணுவான் சித்தி. ரெண்டையும் வெளிய சொல்லீட்டே வாங்கலாம். மறைச்சு வாங்குனா தப்பானதுதான் வாங்குவோம்."

அந்த வார்த்தையை நான் முழு மனதோடு சொன்னேன். விளையாட்டு ஒன்றும் களவு இல்லை. பகல் முழுவதும் எண்களோடு மல்லுக்கட்டிவிட்டு ராத்திரி தம்பியோடு பேசிக்கொண்டே ஒரு ஆட்டம் ஆடுவது எனக்கு ஒரு டம்ளர் மோர் குடித்த மாதிரி. ஆனால் நம் வீடுகளில் 'படிப்புக்கு' என்கிற ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிடுகிறோம். கடைக்காரருக்கும் அதையே சொல்கிறோம். அப்புறம் எப்படிச் சரியானதை எடுத்துக் கொடுப்பார்?

தம்பியிடம் ஒரு தாளில் ஒரு நாளின் மணிக்கணக்கை எழுதச் சொன்னேன். முதலில் 'கேம் அரை மணி' என்று அனுப்பினான். "நெசத்தை எழுது கண்ணு, சித்திகிட்டக் காட்ட மாட்டேன்" என்றேன். அடுத்த தாள் வந்தது: வகுப்பில் திறந்து வைத்திருப்பது மூன்று மணி, அசைன்மெண்ட்டும் கணினியில் போடுகிற கேட் (CAD) வரைபடமும் இரண்டு, படம் பார்ப்பது ஒன்றரை, வேலரண்ட் ஆட்டம் இரண்டு. எங்கே உட்கார்ந்து என்றும் எழுதச் சொல்லியிருந்தேன். வகுப்பில் பிளக் கிடைக்காது. ஹாஸ்டல் அறையில் நான்கு பேர். விடுமுறைக்குப் பவானி.

எனக்கு அந்தத் தாள்தான் எல்லாம். லேப்டாப்பை எடை போடுவதற்கு முன்னால் அது உட்காரப் போகிற இடத்தையும், அதன் முன்னால் நாம் உட்காரப் போகிற நேரத்தையும் எடை போட வேண்டும். விமர்சனங்கள் எழுதுகிறவர்கள் குளிரூட்டிய அறையில் சோதிக்கிறார்கள். நாம் வாழ்வது வேறு அறையில்.

ஆறரை மணி நேரம் விளையாட்டல்லாத வேலை, இரண்டு மணி விளையாட்டு. அப்படியென்றால் திரைதான் முதல் செலவு. கேமிங் லேப்டாப்பில் விலையைக் குறைக்க நினைக்கிற கம்பெனி கை வைக்கிற முதல் இடமும் அதுதான். 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 முறை படம் மாறும், என்று பெரிதாகப் போடுவார்கள், அது உண்மையும்கூட. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லிசெகண்ட் நிற்கும், 144-ல் 6.9. வேலரண்ட் மாதிரி சுடுகிற ஆட்டத்தில் அந்த வித்தியாசம் கைக்குத் தெரியும். ஆனால் அதே விவரப் பக்கத்தின் அடியில் '45% என்டிஎஸ்சி, 250 நிட்ஸ்' என்று சின்ன எழுத்தில் இருக்கும். என்னுடைய பழையது அதுதான். 45% என்டிஎஸ்சி என்றால் இணையத்திலும் போட்டோக்களிலும் இருக்கிற நிறங்களில், அதாவது எஸ்ஆர்ஜிபி அளவில், சுமார் 60 முதல் 65 சதவீதம்தான் காட்டும். வாசல் கதவு திறந்திருக்கும் முன்னறையில் 250 நிட்ஸ் வெளிச்சம் போதவே போதாது. மங்கலில் எண்களை உற்று உற்றுப் பார்த்துத்தான் எனக்கு ராத்திரி தலைவலி வந்தது. ஒருமுறை ஒரு தறிக்காரர் அனுப்பிய நூல் சாம்பிள் போட்டோவைப் பார்த்து, "சாயம் மாறியிருக்குதுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் பதறிப்போய் சாயப்பட்டறைக்கு ஓடினார். நூல் சரியாகத்தான் இருந்தது. என் திரைதான் அரக்கைச் செங்கல் நிறமாகக் காட்டியிருக்கிறது. அவரிடம் மன்னிப்புக் கேட்ட அந்த மாலை இன்னும் மனதில் உறுத்துகிறது.

எஸ்ஆர்ஜிபி 100%, வெளிச்சம் 300 நிட்ஸுக்குக் குறையக் கூடாது. இது என் கோடு. இதற்குக் கீழே எந்தச் சிப் கொடுத்தாலும் இறங்க மாட்டேன். முடிந்தால் 1920-க்கு 1200 புள்ளி கொண்ட 16 அங்குலத் திரை. வழக்கமான 1080-ஐ விட 120 புள்ளி உயரம் அதிகம். எக்செலில் ஆறு வரி கூடுதலாகத் தெரியும். ஆறு வரி என்ன பெரிதா என்று தோன்றும். நாளெல்லாம் மேலும் கீழும் உருட்டுகிறவர்களைக் கேளுங்கள்.

பிராசசரைப் பற்றி நீட்ட எனக்கு விருப்பமில்லை. பேருக்குப் பின்னால் எச், எச்எஸ், எச்எக்ஸ் என்று இருந்தால் இந்த வேலைக்குத் தாங்கும். யு என்று இருந்தால் அது மெலிசு லேப்டாப்புக்கானது. வருடக் கணக்கைப் பார்த்து மட்டும் புதுசு என்று நம்பாதீர்கள். இன்டெலின் 12450எச், அடுத்த தலைமுறை 13420எச் இரண்டிலும் அதே எட்டுக் கருதான். ஏஎம்டியின் 7000 வரிசையில் மூன்றாவது எண்ணைப் பாருங்கள்: 7535எச்எஸ்-ல் வரும் 3 பழைய ஜென் 3 குடும்பம், 7640எச்எஸ்-ல் வரும் 4 புது ஜென் 4. ராம் 16 ஜிபி, அதுவும் எட்டு எட்டாக இரண்டு துண்டு. ஒற்றைத் துண்டு போட்டால் ஒரு மாட்டைப் பூட்டி இரட்டை மாட்டு வண்டியை இழுக்கிற கதை. பின்னால் மாற்ற வசதியாகக் கழற்றக்கூடிய ராமா, போர்டோடு பற்றவைத்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சேமிப்புக்கு எஸ்எஸ்டி 512 ஜிபி இருந்தால் தொடங்கலாம். ஜிடிஏ 5 என்கிற ஆட்டம் ஒன்றே நூறு ஜிபிக்கு மேல் சாப்பிடும், அதனால் இன்னொன்று சொருக இடம் இருக்க வேண்டும். விண்டோஸ் 11 உள்ளேயே இருக்கட்டும். வேலரண்டில் ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் காவல் மென்பொருள் வான்கார்டு, விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்கிற பாதுகாப்பு அமைப்புகள் இரண்டும் இல்லாமல் ஆட விடாது. தம்பிக்கு வரும் சாலிட்ஒர்க்ஸ் என்கிற வரைபட மென்பொருளும் எனக்கு டேலியும் விண்டோஸில் ஓடுகிறவைதான். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் ஆதரவும் முடிந்துவிட்டது.

மக்ஸ் சுவிட்ச் என்று ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சாதாரணமாகப் பெரிய கிராபிக்ஸ் சிப் வரைந்த படம், பிராசசருக்குள் இருக்கும் சின்னச் சிப் வழியாகச் சுற்றித்தான் திரைக்கு வரும். மக்ஸ் இருந்தால் நேராக மடை திறந்த மாதிரி வரும். வேகமான ஆட்டங்களில் பலன் தெரியும். பேட்டரியில் ஓடும்போது சின்னச் சிப்புக்கே மாற்றிவிட்டால் சார்ஜ் நிற்கும். இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி இடம். இதைப் பற்றி யாரும் எழுதாததால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேமிங் லேப்டாப் அடியிலிருந்து காற்றை உறிஞ்சி, ஒரு மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட செம்புத் தகடுகளுக்கு நடுவே ஊதி, பின்னாலும் பக்கத்திலும் தள்ளும். தூசி என்றால் ஓரளவு வெளியே போய்விடும். பஞ்சு போகாது. இழையாக இருப்பதால் தகட்டின் உள்பக்கம், ஃபேனுக்குப் பின்னால், ஒன்றின் மேல் ஒன்று படிந்து மெத்தையாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். உள்ளே சிப் 95, 100 டிகிரிக்குப் போய்த் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சோமனூரோ, பல்லடமோ, பள்ளிபாளையமோ, தறிச் சத்தம் கேட்கிற எந்த வீட்டுக்கும் இது பொருந்தும். திருப்பூரில் பனியன் கம்பெனி ஆபீஸ்களிலும் இதே கதைதான். ஆடிக்காற்று அடிக்கும்போது சாத்திய சன்னல் இடுக்கிலும் பஞ்சு வரும்.

அதனால் தடித்த உடம்பு லேப்டாப்பைத்தான் சொல்வேன். காற்றுக்கு இடம் இருக்கும், ஃபேன் பெரிதாக இருக்கும். அடித்தட்டு சாதாரணத் திருகாணியில் கழறுகிறதா, கழற்றினால் வாரண்டி போகுமா என்று வாங்கும்போதே கேட்க வேண்டும். குடோனில் கம்ப்ரசர் இருக்கிறதே என்று நேரே அதில் காற்றடிக்காதீர்கள். வெளியிலிருந்து அடித்தால் பஞ்சு உள்ளேதான் திரும்பும். ஃபேன் இறக்கை அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் போய்விடும். கம்ப்ரசர் காற்றில் ஈரமும் வரும். அணைத்து, அடித்தட்டைக் கழற்றி, இறக்கையை ஒரு மரக்குச்சியால் பிடித்துக்கொண்டு மென்தூரிகையால் எடுக்க வேண்டும். எங்கள் குடோனில் அமாவாசைக்கு அமாவாசை தறியெல்லாம் துடைத்துப் பூசை போடுவோம். அன்றைக்கே லேப்டாப்பையும் கழற்றிவிடுவேன். மாதம் ஒருமுறை என்பது மற்ற வீடுகளுக்கு அதிகம். எங்கள் வீட்டுக்குச் சரி.

சூடும் ஊருக்கு ஊர் வேறு. அறையில் பத்து டிகிரி ஏறினால் சிப்பிலும் கிட்டத்தட்ட பத்து டிகிரி ஏறும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாங்கும் கோயம்புத்தூரில் ஆனி ஆடியில் ஓடுகிற லேப்டாப் வேறு, சித்திரையில் பவானியில் ஓட்டு வீட்டு மத்தியானத்தில் ஓடுகிற லேப்டாப் வேறு. தம்பியிடம் சித்திரை, வைகாசி விடுமுறையில் பகலில் விளையாடாதே என்று சொல்லியிருக்கிறேன். படுக்கையில் வைத்து விளையாடவே கூடாது. மெத்தை அடிக்காற்றை அடைத்துவிடும்.

சத்தத்தில் இது தலைகீழ். ஃபேன் சத்தம் அதிகம் என்று விமர்சகர்கள் ஒதுக்கிய லேப்டாப் எனக்குப் பொருந்தும். எட்டுத் தறி ஓடும்போது எந்த ஃபேன் காதில் விழப் போகிறது? நால்வர் படுத்திருக்கும் ஹாஸ்டல் அறையில் அதே லேப்டாப்பை ராத்திரி பத்துக்கு மேல் திறக்க முடியாது. அதனால் தம்பிக்குப் பார்க்கும்போது, அமைதி மோடில் ஃபேன் உண்மையிலேயே அடங்குகிறதா என்று தேடித் தேடிப் பார்த்தோம். தறிச் சத்தத்துக்கு இன்னொரு மருந்தும் கிடைத்தது. ஆர்டிஎக்ஸ் சிப் இருந்தால் என்விடியா பிராட்காஸ்ட் என்கிற இலவச மென்பொருள் மைக்கில் வரும் பின்சத்தத்தை வடிகட்டிவிடும். விளையாட்டுக்காக இறக்கியது. மறுநாள் ஒரு தறிக்காரர் கணினி வழியாகப் பேசும்போது கேட்டார்: "ஏங்கண்ணு, இன்னைக்குத் தறி ஓட்டலையா?" எட்டும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கரண்ட். மேசைக் கணினிதான் காசுக்கு எச்சான வேகம் தரும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சொல்லாமல் மின்சாரம் போகும் இடத்தில் ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருக்கும்போது அணைந்துவிட்டால் என்னாவது? லேப்டாப்பின் பேட்டரியே யுபிஎஸ். அடாப்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை வாங்கிக்கொள்ளும், தறி மோட்டார் கிளம்பும்போது விளக்கு மங்கினாலும் லேப்டாப் அசையாது. ஆனால் பேட்டரியில் விளையாட முடியும் என்று நினைக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கியதும் கிராபிக்ஸ் சிப்புக்குப் போகும் வாட் சட்டென்று இறங்கிவிடும். எந்நேரமும் பிளக்கிலேயே இருந்தால் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பைப் போட்டுவிடுங்கள், பேட்டரி ஆயுள் கூடும். மூடியைத் தொட்டால் ஜிவ்வென்று இருந்தால் லேப்டாப்பைத் திட்டாதீர்கள். சுவிட்ச் போர்டில் எர்த் இருக்காது. எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது. எலக்ட்ரீசியன் வந்து எர்த் இழுத்த பிறகு நின்றது. மின்கட்டணம் பற்றிச் சித்தி கேட்டதால் கணக்கும் போட்டேன். விளையாடும்போது 180 வாட் என்று வைத்தாலும் தினம் இரண்டு மணிக்கு இரண்டு மாதத்தில் 22 யூனிட்டுக்குள்தான்.

கடைக்குப் போனது ஒரு வியாழக்கிழமை. நான் பல்லடத்திலிருந்து சூலூர் வழியாகச் சிங்காநல்லூர் வந்து காந்திபுரம் போனேன். தம்பி பவானியிலிருந்து வந்திருந்தான். தோளில் சித்தப்பா நெய்த ஜமக்காளப் பை. அதை நான்தான் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பட்டை பட்டையாகச் சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். முந்தின நாள் வாசல் வெளிச்சத்தில் அதை ஒரு போட்டோ எடுத்து பென்டிரைவில் போட்டு வந்திருந்தான்.

"அண்ணா, இந்த போட்டோவை இந்த நாலு லேப்டாப்லயும் தொறந்து பாத்துக்கறமுங்க" என்றேன். கடைக்காரப் பையன் ஒன்றும் மறுக்கவில்லை. ஒவ்வொன்றிலும் கடையின் டெமோ வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதில் எல்லாத் திரையும் ஜொலிக்கும். வீடியோவை நிறுத்தி ஜமக்காளத்தைத் திறந்தபோது முகம் மாறியது. முதலாவதில் சிவப்பு காவியாகிவிட்டது. இரண்டாவதில் பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவிலுள்ள கோடே காணவில்லை. மூன்றாவதன் பக்கத்தில் பையைப் பிடித்துப் பார்த்தோம். அப்படியே இருந்தது.

"அப்பா நெய்யறது இது" என்றான் தம்பி, கடைக்காரப் பையனிடம். அவன் குரலில் இருந்த பெருமையை நான் கவனித்தேன்.

அந்த மூன்றாவது லேப்டாப் 4060 இல்லை, 4050. தம்பிக்கு மனசு நான்காவதில் இருந்தது. அதில் 4060, திரை 45%. கண்ட்ரோல் பேனலைத் திறந்தோம். 4050-ல் 105 வாட், 4060-ல் 75. மணிக்கணக்குத் தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். சித்த நேரம் பேசாமல் நின்றான். "ஆறரை மணி நேரம் இதைத்தான் பாக்கோணும்ல, அக்கா" என்று மூன்றாவதைக் காட்டினான்.

டைப்-சி வழியாகவும் சார்ஜ் ஏறுமா என்று பார்த்தோம், ஏறியது. வகுப்புக்கு 65 வாட் சின்ன சார்ஜர் போதும். முக்கால் கிலோ அடாப்டர் செங்கல் ஹாஸ்டலிலேயே கிடக்கலாம். லேப்டாப் எடையே 2.3 கிலோ. சர்வீஸ் செண்டர் கோயம்புத்தூரிலேயே இருக்கிறதா, ஆள் வீட்டுக்கு வருவாரா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று கேட்டு, இரண்டாம் வருட வாரண்டியையும் சேர்த்தோம்.

பில் போடும்போது ஒன்று நடந்தது. "அக்கா, கம்பெனி ஜிஎஸ்டி நம்பர் இருந்தாக் குடுங்க, டேக்ஸ் எடுத்துக்கலாம்" என்றார்கள். 83,000 ரூபாயில் 18 சதவீத வரி மட்டும் 12,661 ரூபாய். சித்தப்பாவிடம் நம்பரும் இருக்கிறது. நான் வேண்டாம் என்றேன். தொழிலுக்குப் பயன்படுகிற பொருளுக்குத்தான் உள்ளீட்டு வரி எடுக்கலாம், அதாவது வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம்; பையன் படிக்கவும் விளையாடவும் வாங்குவதை ஜமக்காள வியாபாரக் கணக்கில் ஏற்றுவது தப்பு. நாளைக்கு ஒரு நோட்டீஸ் வந்தால் பதில் எழுத வேண்டியது நான்தான். தொழிலுக்கென்றே வாங்குகிறவர்கள் நம்பர் கொடுத்து வாங்குங்கள். பாதிதான் தொழிலுக்கு என்றால் அந்தப் பாதிக்குரிய வரியை மட்டும் எடுங்கள்.

பெட்டியைப் பிரித்ததும் அங்கேயே வரிசை எண் பில்லோடு பொருந்துகிறதா பார்த்தோம். வெள்ளைப் படம், கறுப்புப் படம் வைத்து திரையில் செத்த புள்ளி தேடினோம். அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம். பஸ்ஸில் தம்பி பெட்டியை மேலே வைக்கவில்லை. அன்று ராத்திரி சித்தி கூப்பிட்டு, "ஏஞ்சாமி, வெளையாடவும் வருமா அதுல?" என்று கேட்டது. "வரும் சித்தி. வந்தா நீங்களும் ஒருக்கா ஆடிப் பாருங்க" என்றேன். சிரித்துக்கொண்டே வைத்தது.

என் பழைய 3050 இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. நான் வேறு வாங்கியதும் அதை அப்பா எடுத்துக்கொண்டார். தறி போடுவதற்கு முன்னால் பதினோரு வருடம் லாரி ஓட்டியவர் அவர். யூரோ டிரக் சிமுலேட்டர் 2 போட்டுக் கொடுத்தேன். 2012-ல் வந்த ஆட்டம். அந்த லேப்டாப்புக்கு அது பஞ்சு மூட்டை கனம்கூட இல்லை. முதல் நாள் ஸ்டியரிங் இடது பக்கம் இருப்பதைப் பார்த்துவிட்டு, "இது என்ன கண்ணு, கிளீனர் சீட்டுல ஒக்காந்து ஓட்டறாப்பல இருக்குது" என்றார். இப்போது தறி நின்றதும் கை கால் கழுவிவிட்டு வந்து உட்காருகிறார். வளைவில் இண்டிகேட்டர் போடாமல் திரும்பமாட்டார். லோடு இறக்கியதும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். பக்கத்து மேசையில் நான் வேலரண்டில் தம்பியோடு பேசிக்கொண்டிருப்பேன்.

போன வாரம் ஆட்டம் முடிந்ததும் தம்பி சூட்டளவைப் படம் பிடித்து அனுப்பினான். 82 டிகிரி. ஹாஸ்டல் அறையில், இரண்டு மணி நேர ஆட்டத்துக்குப் பிறகு.

"எத்தனையாமா?" என்றார் அப்பா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எம்பத்திரண்டுங்ப்பா."

"இது எவ்வளவு காட்டுது பாரு."

எட்டிப் பார்த்தேன். "தொண்ணூத்தி ஒண்ணு."

லாரியை ஓரங்கட்டி நிறுத்தினார். "அமாவாசை என்னைக்கு கண்ணு வருது?"